‘எனில்’ கூற்றும் அதன் மறுதலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிபந்தனைக் கூற்று என்றால் என்ன?

‘இது நடந்தால் அது நடக்கும்’ என்ற வடிவில் இருக்கும் எந்தக் கூற்றும் நிபந்தனைக் கூற்றுதான். ‘கரண்ட் போனால் விளக்கு அணையும்’ ஓர் உதாரணம். கணக்கில் இதையே ‘எனில்’ போட்டு எழுதுவோம்: ‘ஓர் எண் 4-ஆல் வகுபடும் எனில் அது 2-ஆலும் வகுபடும்.’ எனிலுக்கு முன்னால் நிற்பது முன்கூறு, பின்னால் வருவது பின்கூறு. இந்தப் பக்கம் முழுவதும் இந்த இரண்டு சொற்கள் வரும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுதலை என்றால் என்ன? கூற்று உண்மையானால் மறுதலையும் உண்மையாகத்தானே இருக்கும்?

முன்கூறையும் பின்கூறையும் இடம் மாற்றினால் கிடைப்பது மறுதலை. ‘விளக்கு அணைந்தால் கரண்ட் போயிருக்கும்’ என்பது மேலே சொன்ன கூற்றின் மறுதலை. இது உண்மையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பல்பு பியூஸ் போயிருக்கலாம், யாராவது சுவிட்சை அணைத்திருக்கலாம்.

எண்ணிலும் அப்படித்தான். 4-ஆல் வகுபடும் எண்கள் எல்லாம் 2-ஆல் வகுபடும். ஆனால் 2-ஆல் வகுபடும் 6, 4-ஆல் வகுபடாது. கூற்று ஒரு திசையில் போகும் பாதை. திரும்பி வரவும் பாதை இருக்கிறதா என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். கூற்றை நிரூபித்த வேலை மறுதலைக்கு ஒரு துளிகூட உதவாமல் போகலாம்.

பிறகு ஏன் மறுதலையும் சரி என்றே மனதுக்குத் தோன்றுகிறது?

என்னிடம் படிக்க வருகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நின்றே சொல்கிறேன். நாம் சொல்லப்படாத ஒரு ‘தான்’-ஐக் காதில் வாங்கிக்கொள்கிறோம் என்பது என் எண்ணம்.

இந்த மூன்றையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்:

கூப்பிட்டால் வருவேன்.
கூப்பிட்டால்தான் வருவேன்.
கூப்பிட்டாலும் வரமாட்டேன்.

முதலாவது, கூப்பிட்டால் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்கிறது. கூப்பிடாவிட்டால் என்ன என்று அதில் எதுவும் இல்லை. கூப்பிடாமலே நான் வந்து நின்றாலும் சொன்ன சொல் பொய்யாகாது. இரண்டாவது வேறு கூற்று. ‘நான் வந்திருக்கிறேன் எனில், யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள்’ என்கிறது அது. திசை திரும்பிவிட்டதைக் கவனியுங்கள். ஒற்றை ‘தான்’ சேர்ந்ததும் கூற்று மறுதலையாகிவிட்டது! மூன்றாவதில் வரும் ‘உம்’-ஐ எதிர் எடுத்துக்காட்டுக்கு வரும்போது பார்ப்போம்.

தமிழ் இந்த வேறுபாட்டை இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் பேச்சில் ‘கூப்பிட்டால் வருவேன்’ என்று ஒருவர் சொன்னால், ‘கூப்பிடாவிட்டால் வரமாட்டார்’ என்றும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம். பழக்கத்தில் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் பேசுகிறவரின் மனதிலும் அதுவே இருக்கும். தர்க்கத்துக்குள் வரும்போது அந்தப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். எழுதியிருப்பது ‘ஆல்’ என்றால் ‘ஆல்’ மட்டும்தான்.

இன்னொன்றும் உண்டு. ‘சாவி இருந்தால்தான் பூட்டு திறக்கும்’ என்றால், பூட்டு திறந்திருக்கிறது எனில் சாவி இருந்திருக்கிறது என்று பொருள். சாவி இருந்தாலே போதும் என்று அது சொல்லவில்லை, பூட்டு துருப்பிடித்தும் இருக்கலாமே. சாவி இங்கே தேவையான நிபந்தனை. ‘ஆல்’ மட்டும் வரும் கூற்றில் முன்கூறு போதுமான நிபந்தனை. தேவையா, போதுமா என்ற குழப்பம் வந்தால் வாக்கியத்தில் ‘தான்’ போட்டும் எடுத்தும் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே தெளிந்துவிடும்.

எதிர் எடுத்துக்காட்டு என்பது எது?

முன்கூறு உண்மையாகவும் பின்கூறு பொய்யாகவும் அமையும் ஓர் உதாரணம். இரண்டும் சேர்ந்து அமைய வேண்டும், ஒன்று குறைந்தாலும் அது எதிர் எடுத்துக்காட்டு ஆகாது.

‘ஓர் எண் பகா எண் எனில் அது ஒற்றை எண்’ என்ற கூற்றை எடுத்துக்கொண்டு நான்கு எண்களைப் போட்டுப் பார்ப்போம். 7 பகா எண், ஒற்றையும்கூட. கூற்றோடு ஒத்துப்போகிறது. 8 பகா எண்ணே இல்லை. அது இரட்டை எண்தான், ஆனால் கூற்று பேசுவது பகா எண்களைப் பற்றி மட்டும், ஆகவே 8-க்கு இங்கே வேலை இல்லை. 9 ஒற்றை எண், பகா எண் இல்லை. பலரும் எதிர் எடுத்துக்காட்டாக எழுதுவது இந்த 9-ஐத்தான். அது தவறு. முன்கூறே பொய்யாகிவிட்டதால் 9-ஆல் இந்தக் கூற்றைத் தொடவே முடியாது. கடைசியாக 2. பகா எண்தான், ஒற்றை இல்லை. கூற்று உடைந்தது.

அந்த 9 வீணாகவில்லை. ‘ஒற்றை எண் எனில் பகா எண்’ என்ற மறுதலையில் அதைப் போடுங்கள். ஒற்றைதான், பகா எண் இல்லை. மறுதலையை 9 உடைத்துவிட்டது. கூற்றை உடைப்பதும் மறுதலையை உடைப்பதும் வெவ்வேறு ஆட்கள்.

விளக்கிலும் இதையே பார்க்கலாம். ‘கரண்ட் போனால் விளக்கு அணையும்’ என்பதை உடைப்பது இன்வெர்ட்டர் இருக்கும் வீடு. கரண்ட் போயும் விளக்கு எரிகிறது. மறுதலையை உடைப்பது பியூஸ் போன பல்பு. விளக்கு அணைந்தும் கரண்ட் இருக்கிறது. ‘போயும்’, ‘அணைந்தும்’ என்று வருகிறதே, அந்த ‘உம்’தான் எதிர் எடுத்துக்காட்டின் அடையாளம். உங்கள் உதாரணத்தை அப்படி ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். ‘2 பகா எண்ணாக இருந்தும் ஒற்றையாக இல்லை’ என்பது சரியாக உட்காருகிறது. ‘9 பகா எண்ணாக இருந்தும்...’ என்று தொடங்கும்போதே தடுக்கிவிடும்.

ஒரே ஓர் எதிர் எடுத்துக்காட்டு போதுமா?

போதும். ‘எல்லா எண்ணுக்கும்’ என்று சொன்ன கூற்று ஓர் எண்ணிடம் தோற்றாலும் தோற்றதுதான். ஆனால் ‘சில’ என்று தொடங்கும் கூற்றுகளை இந்த வழியில் மறுக்க முடியாது. ‘சில பறவைகள் பறக்காது’ என்பதற்கு எதிராகப் பறக்கும் பறவை ஒன்றைக் காட்டி என்ன பயன்?

எவ்வளவு தேடியும் எதிர் எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை. கூற்று உண்மை என்று எழுதிவிடலாமா?

கூடாது. இதற்குக் கணித வரலாற்றிலேயே அருமையான சாட்சிகள் இருக்கின்றன.

ஓர் எண்ணை எடுத்து, அதன் வர்க்கத்திலிருந்து அதே எண்ணைக் கழித்து, 41-ஐக் கூட்டுங்கள். 1-க்கு 41 வரும், 2-க்கு 43, 3-க்கு 47, 4-க்கு 53. எல்லாம் பகா எண்கள். ஆய்லர் என்ற கணிதர் 1772-இல் சுட்டிக்காட்டிய சூத்திரம் இது. 1 முதல் 40 வரை எந்த எண்ணைப் போட்டாலும் பகா எண்தான் வரும். நாற்பது முறை சரியாக வந்த ஒன்றை யார்தான் சந்தேகிப்பார்கள்? 41-ஐப் போடுங்கள். 41-இன் வர்க்கத்திலிருந்து 41-ஐக் கழித்து 41-ஐக் கூட்டினால் மிஞ்சுவது 41-இன் வர்க்கமே, அதாவது 1681. அது 41 × 41.

பெர்மா என்ற கணிதரும் இப்படி ஏமாந்தவர்தான். 2-ஐத் திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு தடவையும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்று வரும். ஐந்தும் பகா எண்கள். எப்போதும் பகா எண்தான் வரும் என்று அவர் நம்பினார். அடுத்தது 4294967297. அது 641 × 6700417 என்று 1732-இல் ஆய்லர் காட்டினார்.

மூன்றாவது நம் தலைப்புக்கே நெருக்கமானது, மறுதலையைப் பற்றியது. ஓர் எண் பகா எண் எனில், 2-ஐ அத்தனை தடவை தன்னோடு பெருக்கி வருவதிலிருந்து 2-ஐக் கழித்தால் அந்தப் பகா எண்ணால் மீதியின்றி வகுபடும். 5-க்கு 32 − 2 = 30, வகுபடும். 7-க்கு 128 − 2 = 126, வகுபடும். இது நிரூபிக்கப்பட்ட தேற்றம். மறுதலை என்ன சொல்லும்? இப்படி வகுபட்டால் அது பகா எண் என்று சொல்லும். பகா எண் அல்லாதவற்றைப் போட்டுப் பார்ப்போம். 4-க்கு 14, வகுபடாது. 6-க்கு 62, வகுபடாது. 9-க்கு 510, வகுபடாது. இப்படியே நூறைத் தாண்டி, இருநூறைத் தாண்டி, முந்நூறையும் தாண்டிப் போகலாம். மறுதலை அசையாது. 341-இல் உடைகிறது.

இதைக் கையாலேயே சரிபார்க்க முடியும், அதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. 341 = 11 × 31, ஆகவே பகா எண் இல்லை. பத்து 2-களைப் பெருக்கினால் 1024. அதில் மூன்று 341 போனால், அதாவது 1023 போனால், மீதி 1. 341 இரண்டுகளைப் பத்துப் பத்தாகக் கட்டினால் 34 கட்டும் ஒரு தனி 2-ம் கிடைக்கும். ஒவ்வொரு கட்டுக்கும் மீதி 1 என்பதால், மொத்தப் பெருக்கலுக்கும் மீதி 2. அதிலிருந்து 2-ஐக் கழித்தால் மீதி சுழியம். வகுபடுகிறது! சாருஸ் என்ற பிரெஞ்சுக் கணிதர் 1819-இல் இதைக் கண்டார்.

கோல்ட்பாக் என்ற கணிதர் 1742-இல் எழுப்பிய கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. 2-ஐவிடப் பெரிய இரட்டை எண் ஒவ்வொன்றும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகையா? 4-க்குப் பின் 18 சுழியங்கள் போட்டால் வரும் எண் வரை கணினியால் சோதித்தாயிற்று, ஒரு விதிவிலக்கும் இல்லை. ஆனாலும் அதைத் தேற்றம் என்று யாரும் சொல்வதில்லை.

முன்கூறே பொய்யானால் கூற்றை உண்மை என்கிறார்களே, அது எப்படி நியாயம்?

‘4-ஆல் வகுபடும் எனில் 2-ஆல் வகுபடும்’ என்பதற்கே திரும்புவோம். இது எல்லா எண்ணுக்கும் உண்மை என்று ஒப்புக்கொள்கிறீர்கள் அல்லவா? எல்லா எண்ணுக்கும் என்றால் 7-க்கும் சேர்த்துத்தான். 7-இல் முன்கூறும் பொய், பின்கூறும் பொய். 6-இல் முன்கூறு பொய், பின்கூறு மெய். 8-இல் இரண்டும் மெய். இந்த மூன்றில் எதுவும் கூற்றைக் கெடுக்கவில்லை என்று நீங்களே ஏற்றுக்கொண்டதைத்தான், முன்கூறும் பின்கூறும் மெய்யா பொய்யா என்பதைப் பொறுத்துக் கூற்று என்ன ஆகும் என்று காட்டும் மெய்யட்டவணை மூன்று வரிசைகளில் ‘மெய்’ என்று எழுதி வைத்திருக்கிறது. முன்கூறு மெய், பின்கூறு பொய் என்ற ஒரு வரிசைக்கு மட்டும் ‘பொய்’. அந்த வரிசையில் உட்காரும் உதாரணம்தான் எதிர் எடுத்துக்காட்டு.

வாக்குறுதியாக நினைத்தாலும் புரியும். ‘மழை வந்தால் குடை தருகிறேன்’ என்றவர், மழையே வராத நாளில் குடை தராததற்காக வாக்குத் தவறியவர் ஆவாரா?

இந்த விளக்கம் பழையது. மெகாராவைச் சேர்ந்த பிலோ என்ற கிரேக்கர், மெய்யில் தொடங்கிப் பொய்யில் முடியும்போது மட்டுமே நிபந்தனைக் கூற்று பொய் என்றார். அவருடைய ஆசிரியர் டியோடோரஸ் அதை ஏற்கவில்லை. அந்த வாதம் எவ்வளவு பரவியிருந்தது என்றால், எந்த ‘எனில்’ சரி என்று கூரைமேல் காக்கைகள்கூடக் கரைகின்றன என்று கல்லிமாக்கஸ் என்ற கவிஞர் பாடினார். ஆகவே இந்த விதி முதல் பார்வையில் உங்களுக்கு உறுத்தினால் வருந்தாதீர்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உறுத்தியிருக்கிறது.

நேர்மாறு, எதிர்மறை என்பவை எவை? மறுதலையோடு குழம்புகிறது.

ஒரு பழமொழியிலேயே பார்த்துவிடலாம். ‘நெருப்பில்லாமல் புகையாது.’ இதைப் பிரித்து எழுதினால், நெருப்பு இல்லை எனில் புகை இல்லை. இரண்டு பக்கமும் மறுத்து, இடமும் மாற்றுங்கள்: புகை உண்டு எனில் நெருப்பு உண்டு. இது நேர்மாறு. பழமொழி சொல்வதும் இது சொல்வதும் ஒன்றேதான். கூற்று உண்மையானால் நேர்மாறும் கட்டாயம் உண்மை, கூற்று பொய்யானால் நேர்மாறும் பொய். இரண்டையும் உடைப்பது ஒரே உதாரணம், அதாவது நெருப்பே இல்லாத புகை.

இடம் மாற்றாமல் இரண்டு பக்கத்தையும் மறுக்க மட்டும் செய்தால் கிடைப்பது எதிர்மறை. பழமொழிக்கு எதிர்மறை, ‘நெருப்பு உண்டு எனில் புகை உண்டு.’ இது வேறு கூற்று, தனியாகச் சோதிக்க வேண்டியது. இது மறுதலையின் நேர்மாறு. ஆகவே மறுதலையும் எதிர்மறையும் சேர்ந்தே வாழும், சேர்ந்தே சாகும்.

நேர்மாறை நாம் தினமும் தடுமாறாமல் பயன்படுத்துகிறோம். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் மின்விசிறி நின்றுவிட்டது, ஆனால் விளக்கு எரிகிறது. ‘சரி, கரண்ட் போகவில்லை’ என்று அடுத்த நொடியே முடிவு செய்கிறோமே, அது நேர்மாறுதான். (இந்தப் பெயர்கள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறி வரலாம். பெயரைவிட வடிவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.)

எனக்கு இது உண்மையாகவே புரிந்ததா என்று எப்படிச் சோதிப்பது?

பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1966-இல் வெளியிட்ட ஒரு புதிர் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். தமிழ் எழுத்துகளை வைத்துப் போடுகிறேன். மேசைமேல் நான்கு சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். உங்களுக்குத் தெரிவது: அ, க், 4, 7. கூற்று: ‘ஒரு பக்கம் உயிரெழுத்து எனில் மறுபக்கம் இரட்டை எண்.’ இது இந்த நான்கு சீட்டுக்கும் சரியா என்று அறிய எந்தெந்தச் சீட்டைப் புரட்டியே ஆக வேண்டும்?

கீழே படிக்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

பெரும்பாலானவர்கள் அ, 4 இரண்டையும் புரட்டுவார்கள். சரியான விடை அ, 7. எதிர் எடுத்துக்காட்டு ஒளிந்திருக்கக்கூடிய சீட்டுகள் எவை என்று மட்டும் தேடுங்கள். ‘அ’-வின் பின்னால் ஒற்றை எண் இருக்கலாம், புரட்ட வேண்டும். ‘க்’ மெய்யெழுத்து, முன்கூறு பொய், விட்டுவிடலாம். 4-இன் பின்னால் உயிர் இருந்தாலும் மெய் இருந்தாலும் கூற்று கெடாது. 4-ஐப் புரட்டத் தூண்டியது மறுதலை. 7-இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் கூற்று அங்கேயே முடிந்தது. அதைப் புரட்டச் சொல்வது நேர்மாறு. முதல் தடவை தவறவிட்டிருந்தால் சீட்டுகளை உண்மையிலேயே வெட்டி எழுதி வைத்துப் பாருங்கள், கையில் புரளும்போது பிடிபடும்.

மறுதலையும் உண்மையாக இருப்பது உண்டா?

உண்டு. செங்கோண முக்கோணம் எனில் சிறு பக்கங்களின் வர்க்கங்களின் கூடுதல் கர்ணத்தின் வர்க்கத்துக்குச் சமம். இது பிதாகரஸ் தேற்றம். யூக்ளிட் என்ற பழைய கிரேக்கக் கணிதர் தன் ‘எலிமென்ட்ஸ்’ நூலின் முதல் புத்தகத்தில் 47-ஆவதாக இதை நிரூபிக்கிறார். உடனே 48-ஆவதாக இதன் மறுதலையைத் தனியாக நிரூபிக்கிறார். ஒன்று முடிந்ததும் மற்றது தானாக வந்துவிடாது என்பதை அவர் மறக்கவில்லை.

சுவர் எழுப்புகிறவர்கள் மூலை சரியான செங்கோணமா என்று பார்க்க, ஒரு சுவரில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று அளப்பார்கள். வந்தால் மூலை சரி. அளவு பொருந்துவதிலிருந்து கோணத்துக்குப் போகிறார்கள், அதாவது அவர்கள் பயன்படுத்துவது பிதாகரஸ் தேற்றத்தை அல்ல, அதன் மறுதலையை.

இரண்டு திசையும் உண்மையானால் ‘எனில், எனில் மட்டுமே’ என்று சேர்த்து எழுதுவோம். அதை நிரூபிக்க இரண்டு நிரூபணங்கள் வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது.

வரையறைகளில் ‘எனில்’ ஒரு தடவைதான் வருகிறது. அங்கேயும் ஒரு திசை மட்டுமா?

இல்லை, வரையறை மட்டும் விலக்கு. ‘ஓர் எண் 2-ஆல் மீதியின்றி வகுபடும் எனில் அதை இரட்டை எண் என்போம்’ என்றால் இரு திசையும் அதிலேயே அடங்கும், ஏனென்றால் அங்கே ஒரு பெயரைத்தான் வைக்கிறோம்.

‘கரண்ட் போனால் விளக்கு அணையும்’ என்பதன் மறுப்பு ‘கரண்ட் போனால் விளக்கு அணையாது’ என்பதுதானே?

இல்லை. மறுப்பு என்பது ‘கரண்ட் போயும் விளக்கு அணையவில்லை’. நிபந்தனைக் கூற்றின் மறுப்பு நிபந்தனைக் கூற்றாக இருக்காது. ‘இது நடந்தது, ஆனாலும் அது நடக்கவில்லை’ என்று ஒரு செய்தியாகவே இருக்கும்.

எதிர் எடுத்துக்காட்டை எங்கே போய்த் தேடுவது?

ஓரங்களில். 0, 1, 2, பின்னங்கள், குறை எண்கள் ஆகியவற்றை முதலில் போட்டுப் பாருங்கள். ‘ஓர் எண்ணின் வர்க்கம் அந்த எண்ணைவிடச் சிறியதாகாது’ என்றால் அரை அதை உடைத்துவிடும், அரையின் வர்க்கம் கால்தான். ‘இரண்டு எண்களின் வர்க்கங்கள் சமம் எனில் எண்களும் சமம்’ என்றால் 3-ம் −3-ம் போதும். வடிவியலில், உங்கள் படம் தேவைக்கு மேல் அழகாக இருக்கிறதா என்று பாருங்கள். முக்கோணம் என்றதும் சமபக்க முக்கோணம் வரையும் கைக்கு எதிர் எடுத்துக்காட்டு அகப்படாது. ஒல்லியாக, கோணலாக ஒன்றை வரையுங்கள்.

எதிர் எடுத்துக்காட்டு கிடைத்துவிட்டது. கூற்றைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானா?

அவசரப்படாதீர்கள். இந்தியத் தர்க்கத்தின் நியாய மரபில் இதற்கு அழகான முன்மாதிரி இருக்கிறது. புகை உள்ள இடத்தில் தீ உண்டு என்பதை அவர்கள் ஏற்றார்கள். தீ உள்ள இடத்தில் புகை உண்டு என்ற மறுதலைக்கு, பழுக்கக் காய்ச்சிய இரும்பு உருண்டையை எதிர் எடுத்துக்காட்டாக வைத்தார்கள். அதில் தீ இருக்கிறது, புகை இல்லை. அதோடு விட்டுவிடாமல், சில இடங்களில் தீயோடு புகை வரக் காரணம் என்ன என்று தேடினார்கள். ஈர விறகு என்று கண்டார்கள். ‘தீயும் ஈர விறகும் சேர்ந்தால் புகை உண்டு’ என்று கூற்றைத் திருத்தினால் இரும்பு உருண்டை வெளியே போய்விடுகிறது.

நம் பகா எண் கூற்றையும் அப்படியே திருத்தலாம். ‘2-ஐவிடப் பெரிய பகா எண் எனில் அது ஒற்றை எண்.’ இப்போது 2 அதை ஒன்றும் செய்ய முடியாது. மூன்று முதல் எந்த இரட்டை எண்ணும் 2-ஆல் வகுபட்டுப் பகு எண்ணாகிவிடும் என்பதால் நிரூபணமும் ஒரே வரிதான். அதன் மறுதலையை மட்டும் அதே 9 இன்னும் உடைத்துக்கொண்டிருக்கிறது.